சாவில்லாதவன் எதன்மேல் சத்தியம் செய்வான்?

சாவில்லாத அமரர்களின் காதலைத் தொடர்கதைகளாக எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு உங்களில் ஒருவருடைய தொடரின் 112-ஆம் பகுதியைப் படித்தேன். யாருடையது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அவர் ஒருவர் மட்டும் குற்றவாளி போலாகிவிடும். கதாநாயகி நட்சத்திர லோகத்து இளவரசி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவளைப் பனிமலைக்குள் உறையவைத்தவன் அவளுடைய காதலனேதான். அதுவும் திருமண நாளில், மாலை மாற்ற நீட்டிய கையாலேயே. அவள் எப்போது வெளியே வருவாள், வந்து அவனை என்ன கேட்பாள் என்று ஐந்து மாதமாகக் காத்திருந்தேன். வந்தாள். "உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன்" என்றான் அவன். யாரோ ஒரு மாயாவியின் சாபம் அவள்மேல் விழாதிருக்க அது ஒன்றுதான் வழியாம். அவள் விம்மினாள். மூன்றாவது பத்தியில் அவன் மார்பில் சாய்ந்துவிட்டாள்.

முந்நூறு ஆண்டுக்கு மூன்று பத்தி! போனைத் தலையணைமேல் எறிந்தேன். பக்கத்தில் படுத்திருந்தவர் பதறி எழுந்து, "யாருக்கு என்ன ஆயிற்று?" என்றார். "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவர்கள்தான் சாகவே மாட்டார்களே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் எழுதுகிற மடல் இது.

நான் எழுத்தாளர் இல்லை. திருவரங்கத்தில் பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவள். வாழைநார் கிழிக்கவும் சரம் தொடுக்கவும் எழுத்துக் கற்கும் முன்பே கற்றவள். வாரப் பத்திரிகைத் தொடர்களைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, தைத்து வைத்துப் படித்த வீடு எங்களுடையது. இப்போது அதே பைத்தியம் போனுக்கு வந்துவிட்டது. தேவர்கள், யட்சர்கள், நாகர்கள், ஆயிரம் ஆண்டு வாழும் மந்திரவாதிகள் என்று நீங்கள் எழுதுகிற எதையும் விடுவதில்லை. ஆகவே இது வெளியே நின்று கல்லெறிகிறவளின் மடல் அல்ல.

உங்கள் கதைகளில் துரோகம் நடக்கிறது; பிறகு அது துரோகமே இல்லை என்று ஆகிவிடுகிறது. நெஞ்சில் வாளைச் செருகியவன் நல்லெண்ணத்தோடுதான் செருகினான். வேறொருத்தியை மணந்தவன் மருந்து மயக்கத்தில் மணந்தான். பெயரையே மறந்தவனுக்கு நினைவு அழிக்கப்பட்டிருந்தது. இரண்டு பேரையும் சேர்த்து வைக்க வேண்டும், அவனும் நல்லவனாகவே இருக்க வேண்டும், அதனால் நடந்ததை நடக்காததாக்கிவிடுகிறீர்கள். மன்னிப்பதற்கு அங்கே ஒன்றுமே மிஞ்சவில்லை. அப்புறம் அவள் எதற்காக 112 பகுதி அழுதாள்?

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் கதை எழுதுகிற கண்ணோடு அதைப் பார்த்திருக்கிறீர்களா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

பங்குனி உற்சவத்தில் ஆறாம் திருநாள் எங்கள் அரங்கனின் உற்சவர் நம்பெருமாள் பல்லக்கில் புறப்பட்டு, காவிரியைத் தாண்டி உறையூருக்குப் போவார். அன்று ஆயில்யம், கமலவல்லி நாச்சியாரின் திருநட்சத்திரம். தாமரைக் குளத்தில் சோழ அரசன் கண்டெடுத்து வளர்த்த பெண் அவள். அங்கே அன்று இருவருக்கும் சேர்த்தி, சேர்ந்திருந்து காட்சி தருவது. அன்றிரவே அவர் திரும்பிவிடுவார். மூன்று நாள் கழித்து உத்திரம். அது பெரிய கோயிலின் ரங்கநாயகித் தாயாருடைய நட்சத்திரம். அன்று காலையில் இவர் எதுவுமே நடக்காததுபோலத் தாயார் சந்நிதிக்கு வருவார். கதவு சாத்தப்படும்.

பல்லக்கு பின்வாங்கும், மறுபடி முன்னால் வரும். உள்ளேயிருந்து பூவும் பழமும் வெண்ணெயும் பறந்து வரும். மட்டையடி என்று பெயர். ஏட்டுப் பெயர் பிரணய கலகம், காதல் சண்டை. எங்கள் அத்தை அன்று மட்டும் சரம் தொடுக்க மாட்டாள். உதிரிப்பூவைக் கூடையோடு கொண்டு போவாள். "எறிகிற பூவுக்கு நார் எதற்கு?" என்பாள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. கூட்டத்தில் யாருடைய இடுப்பிலோ ஏறி உட்கார்ந்து பார்ப்பேன். சாமியை அடிக்கிறார்கள் என்பதே போதுமான சந்தோஷமாக இருந்தது. அடிக்குப் பிறகு வருகிற பேச்சுக்குக் காது கொடுத்தது வயது வந்த பிறகுதான்.

இருவர் சார்பிலும் கோயிலார் பேசுவார்கள். முதலில் விசாரணை. கண் ஏன் சிவந்திருக்கிறது? உலகத்தைக் காக்க இரவெல்லாம் விழித்திருந்தேன். குழல் ஏன் கலைந்திருக்கிறது? காற்று. நெற்றியில் கஸ்தூரித் திலகம் ஏன் கரைந்திருக்கிறது? வெயில். உதடு ஏன் வெளுத்திருக்கிறது? அசுரர்களை விரட்டச் சங்கு ஊதினேன். இரவெல்லாம் எங்கே போயிருந்தீர் என்றால், கணையாழி தொலைந்துவிட்டது, தேடப் போனேன் என்கிறார். ஒவ்வொரு பதிலும் கடவுளுக்கே உரிய பதிலாக இருப்பதைப் பாருங்கள். காவல், சங்கு, அசுரர். பெரிய பதவியில் இருக்கிறவன் வீட்டில் சொல்கிற பொய் எப்போதும் பதவியின் சாயலோடுதான் இருக்கும். உங்கள் கதாநாயகன் சொல்கிற "உன்னைக் காப்பாற்றத்தான்" என்பதும் இந்த வரிசையில் வருவதே. வேறுபாடு ஒன்றுதான்: நீங்கள் அதை நம்புகிறீர்கள், தாயார் நம்பவில்லை.

விசாரணையில் தோற்றவர் சத்தியத்துக்கு வருகிறார். கடலில் மூழ்குகிறேன், தீயில் இறங்குகிறேன், பழுக்கக் காய்ச்சிய மழுவைக் கையில் ஏந்துகிறேன், பாம்புக் குடத்தில் கை விடுகிறேன், நெய்க் குடத்தில் கை விடுகிறேன் என்கிறார். அந்தக் காலத்தில் மனிதர்கள் தம் சொல் மெய்யென்று காட்ட உயிரைப் பணயம் வைத்துச் செய்த சத்தியங்கள். தாயார் தரப்பு ஒவ்வொன்றாகத் திருப்பியடிக்கிறது. பிரளய வெள்ளத்தில் மீனாகவும் ஆமையாகவும் திரிந்த உமக்குக் கடலில் மூழ்குவது ஒரு பெரிய காரியமா? பிரம்மாவின் யாகத் தீயின் நடுவே தோன்றியவர் நீர், தீ உம்மை என்ன செய்யும்? கோடி சூரியப் பிரகாசமுள்ள சக்கரத்தை எந்நேரமும் கையில் பிடித்திருக்கிற உமக்கு மழு சுடுமா? ஆதிசேஷனே படுக்கையாக இருக்கிறவரைப் பாம்பு கடிக்குமா? கோகுலத்தில் வெண்ணெயும் நெய்யும் அள்ளித் தின்ற கைக்கு நெய்க் குடம் எந்த மூலைக்கு?

கதை எழுதுகிறவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அமரர் காதல் என்னும் வகைக்கே அடிப்படைச் சிக்கல் இதுதான். நம் ஊரில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறோம். பிள்ளை தலையில் கைவைத்துச் செய்கிறோம். எல்லாமே அடமானம்: பொய் சொன்னால் இது போகட்டும் என்பது. சாவே இல்லாதவன் எதை அடமானம் வைப்பான்? எந்தத் தீயும் சுடாதவனுடைய சொல்லை எதில் போட்டு உரைத்துப் பார்ப்பது? நீங்கள் எழுதும் தேவகுமாரன் "என் உயிரே நீதான்" என்று பகுதிக்கு இருமுறை சொல்கிறான். அவனுக்குத்தான் போகிற உயிர் இல்லையே. அந்த வசனத்தை ஒரு முறையாவது அவள் திருப்பிக் கேட்டாளா? மட்டையடியில் கேட்கிறாள். கேட்டு, அவனுடைய எல்லாச் சத்தியத்தையும் செல்லாக்காசாக்கி வெளியே எறிகிறாள்.

பிறகு அவரிடம் என்னதான் மிச்சம்? வாசலில் நிற்பதுதான். ஊர் பார்க்க, பகலில், வாழைமட்டை அடி வாங்கிக்கொண்டு நிற்பது. சாவில்லாதவனால் இழக்க முடிந்தது மானம் ஒன்றுதான். அதை ஊரறிய இழக்கிறார். உங்கள் நாயகர்கள் மன்னிப்புக் கேட்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: மலைக் குகை, நிலா வெளிச்சத்து ஏரிக்கரை, அந்தரங்க மண்டபம். எல்லாம் ஆளரவமில்லாத இடம். அவளை வீழ்த்தியது மட்டும் ஆயிரம் தேவர் கூடிய சபையில்! சபையில் செய்ததற்குச் சபையிலேயே கேட்க வேண்டாமா?

இன்னொன்று. தாயாரைப் படிதாண்டாப் பத்தினி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அவள் புறப்பாடு சந்நிதி எல்லையைத் தாண்டாது. சின்ன வயதில் எனக்கு இது பிடிக்காது. அவர் ஊரெல்லாம் சுற்றுகிறார், இவள் மட்டும் ஏன் உள்ளேயே இருக்க வேண்டும் என்று அத்தையிடம் சண்டை போட்டிருக்கிறேன். இப்போதும் அந்தச் சொல்லோடு எனக்கு முழுச் சமாதானம் இல்லை. ஆனால் கதைக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவள் தேடிப் போகவே முடியாது என்பதால், வர வேண்டியவர் அவர்தான். கதவு அவள் கையில் இருக்கிறது. நீங்களோ நாயகியை ஏழு உலகமும் சுற்றவிட்டு, கடைசியில் அவன் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். அவளுக்கென்று சாத்துவதற்கு ஒரு கதவு உங்கள் கதையில் எங்கே இருக்கிறது?

கதவைத் திறக்க வைப்பவர் நம்மாழ்வார். எத்தனையோ பேர் இருக்க அவர் ஏன் என்று யோசித்திருக்கிறேன். பராங்குச நாயகியாகத் தன்னைப் பாவித்து, வராதவனுக்காகப் பறவைகளைத் தூது விட்டுப் பாடியவர் அவர். காத்திருப்பவளின் பக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர். அந்த ஆள் வந்து சொன்னால்தான் அவள் கேட்பாள். இது என் கணிப்பு. பெரியவர்கள் வேறு காரணம் சொல்லலாம். உங்கள் தொடர்களில் தூது போகிறவர்கள் பெரும்பாலும் நாயகனின் நண்பர்கள். குதிரையில் வந்து, "அவர் உன்னை நினைத்து உருகுகிறார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தொல்காப்பியம் இதற்கென்றே பன்னிரண்டு பேரைச் சொல்கிறது. தோழி, தாய், பாணன், விறலி, விருந்தினர் என்று போகும் அந்தப் பட்டியலுக்கு வாயில்கள் என்று பெயர். அந்தத் தூதரை ஏற்காமல் திருப்பி அனுப்புவதற்கும் துறை உண்டு: வாயில் மறுத்தல். வாசல் என்ற சொல்லையே தூதருக்குப் பெயராக வைத்த மொழியில் எழுதுகிறீர்கள். ஒரு தூதனையாவது அவள் திருப்பி அனுப்பட்டும்.

திருப்பி அனுப்புவது என்றதும் பரவை நினைவுக்கு வருகிறாள். உங்களுக்கு மிகவும் பிடித்த சூத்திரம் ஒன்று உண்டல்லவா, மேலுலகத்தில் கண்ணால் பார்த்துக்கொண்ட குற்றத்துக்காகப் பூமியில் பிறந்து காதலித்து அவதிப்படுவது? சீனத் தொடர்களைப் பார்த்து அதை எடுத்துக்கொண்டதாக உங்களில் சிலரே சொல்லியிருக்கிறீர்கள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை எழுதிவிட்டார். கயிலையில் பூக்கொய்யப் போன இடத்தில் கமலினி, அனிந்திதை என்ற உமையின் தோழிகள் இருவரும் ஆலால சுந்தரரும் ஒருவரையொருவர் பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பார்வைக்காக மூவரும் பூமிக்கு. கமலினி திருவாரூரில் பரவையாகவும், அனிந்திதை சங்கிலியாகவும் பிறக்கிறார்கள். (பூப்பறிக்கப் போன இடத்தில் வந்த வினை என்பதால் எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு எப்போதும் தனி மரியாதை.)

சுந்தரர் பரவையை மணந்து திருவாரூரில் இருந்துவிட்டு, பிறகு திருவொற்றியூரில் சங்கிலியைப் பார்க்கிறார். உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்தால்தான் திருமணம். இங்கே அவர் செய்கிற தந்திரம் இருக்கிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். கோயிலுக்குள் சத்தியம் செய்கிற நேரத்தில் நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே கேட்டுக்கொள்கிறார். சந்நிதியில் ஆள் இல்லையென்றால் சத்தியம் கட்டாது என்று கணக்கு. சிவனும் சரி என்கிறார். சொல்லிவிட்டு நேரே சங்கிலியின் கனவில் போய், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்கிறார். மாட்டிக்கொண்டார்.

பிறகு திருவாரூர் நினைவு வந்து, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டது. போன பார்வை ஒரேயடியாகத் திரும்பவில்லை. காஞ்சியில் ஒன்று, திருவாரூரில் ஒன்று. நடந்தே போக வேண்டிய தூரம் முழுக்கக் குருடாகவும் அரைக்குருடாகவும் போக வேண்டியிருந்தது. உங்கள் மந்திர உலகங்களுக்கு விதிகள் எழுதுகிறீர்களே, ஒளிக்கற்கள், ஏழு நிலைச் சக்தி என்று பக்கக் கணக்காக? இங்கே ஒரே ஒரு விதிதான்: சத்தியத்துக்கு முகவரி உண்டு, மீறினால் விலை உண்டு, இறைவனுக்கே தோழன் என்றாலும் தள்ளுபடி கிடையாது. அந்த ஒரு விதியில் முழுக் கதையும் ஓடிவிடுகிறது.

பரவையின் கதவும் சாத்தித்தான் இருந்தது. சுந்தரர் சிவனையே தூது அனுப்புகிறார். நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் அர்ச்சகர் வேடத்தில் நடந்துபோய்க் கதவைத் தட்டுகிறார் தியாகேசர். பரவை மறுத்துவிடுகிறாள். வெறுங்கையோடு திரும்பிய கடவுள், மறுபடி தன் சொந்த உருவத்தில் கணங்கள் சூழப் போன பிறகுதான் அவள் இசைகிறாள். வேடத்தில் வந்த கடவுளுக்கும் வாயில் மறுத்தல்தான்! இந்தச் செய்தியைக் கேட்டு ஏயர்கோன் கலிக்காமர் என்ற அடியார் கொதித்துப் போனார்: ஒரு பெண்ணிடம் சமாதானம் பேச இறைவனைத் தெருவில் நடக்கவிடுவதா என்று. பிறகு அவருக்குச் சூலை நோய் வந்தபோது, அதைச் சுந்தரர் வந்துதான் தீர்ப்பார் என்றால் அதற்கு நான் செத்துப்போகிறேன் என்று வாளை எடுத்து வயிற்றைக் கிழித்துக்கொண்டார். கதைக்குள்ளேயே நாயகன்மேல் கோபப்படுகிற ஓர் ஆளை வைத்து, அவரையும் நாயன்மாராகக் கும்பிடச் செய்துவிட்டார் சேக்கிழார். உங்கள் கதைகளில் நாயகனைக் கண்டிக்கிறவன் எவனாக இருந்தாலும் இரண்டு பகுதிக்குள் வில்லனாகிவிடுகிறான்.

சேக்கிழாரிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சங்கிலி. சத்தியத்தை வாங்கியவள், அது முறிந்து கிடக்கும் ஒற்றியூரில் தனியாக என்ன செய்தாள்? பரவைக்குக் கதவும் தூதும் கோபமும் கிடைத்தன. சங்கிலிக்குக் கயிலையில் மறுபடி அனிந்திதையாகும்வரை ஒரு வார்த்தையும் இல்லை. அங்கே ஒரு தொடர் காத்திருக்கிறது. யாராவது எழுதுங்கள்.

இந்த இரண்டாமவள் விஷயத்தில்தான் உங்கள்மேல் எனக்கு மிகுந்த வருத்தம். உங்கள் கதைகளில் அவள் கட்டாயம் கெட்டவள். கண்ணுக்கு மை தடித்திருக்கும், மோதிரத்தில் விஷம் இருக்கும், நாயகன் அவளைத் தொட்டதே இல்லை என்று கடைசியில் தெரியவரும். திருவரங்கத்தில் அப்படி இல்லை. கமலவல்லியை யாரும் ஒரு சொல் குறைத்துச் சொல்வதில்லை. அவளுக்குத் தனிக் கோயில், தனி உற்சவம், தனி நட்சத்திரம். அங்கே மூலவராக நிற்கிற மணவாளனே வடக்கே அரங்கத்தைப் பார்த்துத்தான் நிற்கிறார். அவள் ஒன்றும் திருடிக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறவன் அன்றிரவே போய்விடுகிறான். உறையூர் முதுகூத்தனார் பாடிய அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் உறந்தை என்ற அந்த உறையூர்ப் பக்கத்துப் பங்குனி விழா முடிந்த மறுநாள் வருகிறது. விருந்து சமைத்த அடுப்புகளில் தீ இல்லை, ஆற்றங்கரைச் சோலை வெறிச்சோடிக் கிடக்கிறது. தலைவன் பிரியப் போகிறான் என்று அறிந்த பெண்ணின் நெற்றி அந்தத் ‘தீ இல் அடுப்பின் அரங்கம்’ போலப் பாழாயிற்று என்கிறாள் தோழி. அது வேறொரு பெண்ணைப் பற்றிய பாட்டு. ஆனால் ஆயில்யத்துக்கு மறுநாள் உறையூரை நினைத்தால் எனக்கு அந்த அடுப்புதான் தெரிகிறது.

திருவண்ணாமலையை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். தை இரண்டாம் நாள் திருவூடல். அதற்கென்றே ஒரு தெருவும் உண்டு, திருவூடல் தெரு. சிவனை மட்டும்தான் வணங்குவேன் என்று பிடிவாதமாக இருக்கும் பிருங்கி முனிவருக்கு அவர் காட்சி கொடுக்கப் போகிறார் என்று அம்மனுக்குக் கோபம். அவள் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவர் அன்றிரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் தனியாக மலையைச் சுற்றி வந்து, பிறகு மறுவூடல், சமாதானம். இதில் யார் பக்கம் தப்பு என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. பக்தனைக் கைவிட முடியாது என்பது அவர் நியாயம். என்னை மதியாதவனிடம் நீர் ஏன் போக வேண்டும் என்பது அவள் நியாயம். மாயாவியும் சாபமும் இல்லாமலே இரண்டு அமரர்கள் பிரிந்து நிற்க இது போதாதா?

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். தினம் ஒரு பகுதி எழுத வேண்டும். வாசகர்கள் சேர்த்துவையுங்கள் சேர்த்துவையுங்கள் என்று நச்சரிக்கிறார்கள். நானும் ஒரு முறை அப்படிக் கேட்டவள்தான், மறுக்கவில்லை. திருக்குறளே ஊடலில்தான் முடிகிறது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். துனியும் புலவியும் இல்லாவிட்டால் காமம் கனியும் கருக்காயும் இல்லாதது போலாகிவிடும் என்று ஒரு குறள். துனி முதிர்ந்த சண்டை, புலவி இளஞ்சண்டை என்று பரிமேலழகர் பிரித்துச் சொல்கிறார். உங்கள் நாயகன் செய்தது துனிக்கு உரிய காரியம். நாயகி காட்டியதோ புலவி. பிஞ்சைக் கொடுத்துவிட்டுப் பழம் என்கிறீர்கள்.

பழம் என்றால் எது? பங்குனி உத்திரத்தன்று கதவு திறந்த பிறகு தாயாரும் பெருமாளும் ஒரே ஆசனத்தில் இருப்பார்கள். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அந்தச் சேர்த்தி. ராமானுசர் கத்யத்ரயம் என்ற மூன்று உரைநடைத் துதிகளை அன்றுதான், அந்தச் சந்நிதியில்தான் விண்ணப்பித்தார். இருவரும் சமாதானமாக இருக்கும் நேரம் பார்த்து மனுக் கொடுத்த கெட்டிக்காரர் என்று அத்தை சொல்வாள். அந்தக் காட்சிக்கு ஊரே முண்டியடிக்கும். உங்கள் தொடர்கள் என்றால் அங்கே முற்றும் போட்டுவிடுவீர்கள்: என்றென்றும் இணைபிரியாது வாழ்ந்தார்கள் என்று.

ஆனால் அடுத்த பங்குனி வருகிறது. ஆயில்யம் வருகிறது. அவர் மறுபடி காவிரியைத் தாண்டுகிறார். பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. தாயாருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சென்ற ஆண்டும் கதவைத் திறந்தாள். தெரிந்துதான் இந்த ஆண்டும் சாத்துவாள். அதே கேள்வி, அதே பொய், அதே மட்டை. சாகிற மனிதர்களுக்கு ஒரு முறை மன்னித்தால் போதும், மிச்ச நாளைச் செத்துக் கழித்துவிடலாம். சாகாதவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஒவ்வோராண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும், முதலிலிருந்து நிற்க வேண்டும். முந்நூறு ஆண்டு என்று நீங்கள் போடுகிற எண் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. முந்நூறு முறை சாத்திய கதவு என்றால் வயிற்றைப் பிசைகிறது.

அத்தை அந்தச் சேர்த்தியை ஒருநாளும் பார்த்ததில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். "மறுநாளைக்குக் கட்ட வேண்டும்" என்பாள். மாமா நான்கு ஆண்டு வேறொரு ஊரில் வேறொரு வீட்டில் இருந்துவிட்டு வந்தவர் என்பது எனக்குத் தெரியவந்தபோது இருவருமே இல்லை. அவர் வந்த அன்று அத்தை திண்ணையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாளாம். நிமிரவில்லையாம். நார் தீர்ந்ததும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாளாம். மூன்று நாள் அவர் திண்ணையில் படுத்தார், தெருவே பார்த்தது என்று அம்மா சொன்னாள். நான்காம் நாள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அம்மாவுக்கும் தெரியாது.

112-ஆம் பகுதியை எழுதியவருக்கு மட்டும் கடைசியாக ஒரு வேண்டுகோள். 113 வியாழக்கிழமை வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அவள் இன்னும் அவன் மார்பில்தான் சாய்ந்திருக்கிறாள். தயவுசெய்து அவளை எழுப்பி, உள்ளே அனுப்பி, கதவைச் சாத்துங்கள். அவன் வெளியே நிற்கட்டும். பனிமலைதானே, கொஞ்சம் குளிரட்டும். வியாழக்கிழமைக்குள் முடியாவிட்டால் அடுத்த வாரம் போடுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி, திருவரங்கம்